ஜிகினா நகப்பூச்சை வீட்டில் அழிக்க எந்த ரிமூவர்?

தீபாவளி விடுமுறை முடிந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் பெண்களுக்குப் பெரிய தலைவலி, நகத்தில் மிச்சமிருக்கும் ஜிகினாதான். 1972-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகள் செய்யும் தூய்மை அறைகளுக்குள் நகப்பூச்சோடு போக முடியாது. உதிரும் துகள் எதுவாக இருந்தாலும் அங்கே ஆகாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலை இதே கதை. தாதியருக்கும் அப்படியே. சாதாரணச் சிவப்பு என்றால் நனைத்த பஞ்சில் இரண்டு இழுப்பு, தீர்ந்தது. ஜிகினா அப்படிப் போவதில்லை. ஞாயிறு இரவு பாட்டிலில் பாதியைத் தீர்த்த பிறகும் நகத்தின் ஓரங்களில் நின்று மின்னிக்கொண்டிருக்கும்.

கடையில் கிடைப்பவை எல்லாம் "நொடியில் நீக்கும்" என்றே சொல்கின்றன. அதனால் என் அக்காள் மகளும் நானும் எங்கள் கைவிரல்களையே சோதனைக்குக் கொடுத்தோம். அவள் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். எல்லா விரல்களிலும் ஒரே மாதிரி: ஓர் அடிப்பூச்சு, தங்க நிறத்தில் அடர்த்தியான ஜிகினா இரண்டு மடிப்பு, பளபளப்புக்கு ஒரு மேற்பூச்சு. நன்றாக இறுகும்வரை விட்டுவிட்டு, விரலுக்கு ஒரு முறையாக அழித்துப் பார்த்தோம். அவளுடைய கட்டைவிரல்களில் மட்டும் விளக்கில் காட்டி இறுக்கும் ஜெல் பூச்சு இருந்தது. அதைத் தனியாகப் பார்த்தோம்.

எனக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான்: ரிமூவர் எவ்வளவு காரமானது என்பது இரண்டாம் பட்சம். அது நகத்தின் மேல் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஜிகினா போகிறது. காசு கொடுப்பதானால் அந்த நேரத்துக்குக் கொடுக்கலாம்.

காரணம் பூச்சின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்துச் செய்தது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலம் மிஞ்சுகிறது. மறுபடி கரைப்பான் பட்டால் இளகிவிடுகிறது. ஆனால் ஜிகினா வேறு சாதி. தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பி.இ.டி. பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக்கி, அலுமினியம் பூசி, அறுகோணமாக நறுக்கியதுதான் பெரும்பாலான ஜிகினா. அசிட்டோனில் அது கரையவே கரையாது. சுற்றியிருக்கும் படலம் கரைந்தால்தான் துகள் விடுபடும். துகள்களோ ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அடியில் இருக்கும் படலத்தை மூடிக்கொண்டிருக்கின்றன. கரைப்பான் இடுக்குகளின் வழியே இறங்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அதற்குள் நாம் பொறுமையிழந்து தேய்க்கிறோம். துகளின் கூர்மையான விளிம்பு பஞ்சைப் பிய்த்துப் பிடித்துக்கொள்கிறது. நகமெல்லாம் பஞ்சு நூல், ஜிகினா மட்டும் அங்கேயே.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "ஜெல்" என்று அட்டையில் போட்ட பூச்சுகளில் இரண்டு வகை உண்டு. விளக்கொளியில் இறுக்குவது உண்மையான ஜெல்; அதன் மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொள்வதால் அசிட்டோனில் கரைவதில்லை, ஊறி உப்பிக் கழன்று வரும். விளக்கே தேவைப்படாத "ஜெல் பளபளப்பு" வகை, பெயர் எதுவானாலும் சாதாரணப் பூச்சுதான். ரிமூவரிலும் இதே குழப்பம்; "ஜெல் ரிமூவர்" என்ற பெயரிலும் இரண்டு உண்டு. ஒன்று, கெட்டியாக்கப்பட்ட கரைப்பான்; சாதாரணப் பூச்சுக்கானது. மற்றொன்று, விளக்கில் இறுக்கிய ஜெல்லைச் சுருங்கவைத்து உரிப்பது; இணையக் கடைகளில் "மேஜிக்" என்று விற்பது இதைத்தான். நகத்தில் இருப்பது எது என்று சந்தேகமாக இருந்தால், நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து அரை நிமிடம் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் சாதாரணப் பூச்சு. பளபளப்புக்கூடக் குறையவில்லை என்றால் ஜெல்.

முதலில் எல்லா வீட்டிலும் இருக்கும் முறை: அசிட்டோன் ரிமூவர், பஞ்சு, தேய்ப்பு. ஜிகினாவுக்கு இது படுதோல்வி. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. பினாங்கின் வெக்கையில், தலைக்கு மேல் காற்றாடி சுழலும்போது, பஞ்சை எடுத்து நகத்தில் வைப்பதற்குள் பாதி பறந்துவிடுகிறது. காற்றாடியை நிறுத்தினாலோ நெடி தாங்க முடியவில்லை. அசிட்டோன் இல்லாத ரிமூவர்களில் எத்தில் அசிட்டேட் போன்றவை வேலை செய்கின்றன. மணம் சற்றுக் கனிவு, வேகம் இன்னும் குறைவு. நகத்துக்கு மென்மை என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஜிகினாவை ஐந்து மடங்கு நேரம் தேய்த்தால் அந்த மென்மையால் என்ன பயன்? என் நகத்தின் மேல் வெண்மையாகப் பூத்தது இந்த விரலில்தான்.

அதே அசிட்டோன், அதே பஞ்சு, கூடவே ஒரு துண்டு அலுமினியத் தாள். இப்போது நிலைமை தலைகீழ். பஞ்சை நகத்தின் அளவுக்குத் தட்டையாகப் பிய்க்க வேண்டும். உருண்டையாக வைத்தால் பாதி அசிட்டோன் தோலுக்குப் போகும். நகத்தைச் சுற்றிலும் வாசலின் தடவி, நனைத்த பஞ்சை நகத்தில் படியவைத்து, தாளால் விரல்நுனியை இறுகச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டோம். மூடியிருப்பதால் காற்றாடி ஓடினாலும் ஆவி பறப்பதில்லை. பிரிக்கும்போது தாளோடு சேர்த்து நகத்தை அழுத்திப் பிடித்து, ஒரு சிறு திருகலோடு நுனிப்பக்கமாக இழுக்க வேண்டும். அவளுடைய மோதிர விரலிலிருந்து பஞ்சு வந்தபோது அதன் அடியில் நகத்தின் வடிவத்திலேயே ஒரு தங்கப் பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தின் ஓரத்தில் நான்கைந்து துகள் மட்டும் மிச்சம். மரக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி அதையும் எடுத்தாயிற்று. பஞ்சுக்குப் பதில் கைவினைக் கடையில் விற்கும் ஃபெல்ட் துணியை வெட்டி வைத்தால் இன்னும் சுத்தமாக வருகிறது. அது நூல் பிரிவதில்லை.

செலவு என்று பார்த்தால் அலுமினியத் தாளுக்கும் பஞ்சுக்கும் என்ன ஆகிவிடப்போகிறது. குறை வேறு இடத்தில். இடது கையைச் சுற்றிய பிறகு வலது கையைச் சுற்ற யாராவது வேண்டும். பத்து விரலிலும் தாள் மாட்டிக்கொண்டு கதவைக்கூடத் திறக்க முடியாது. கைத்தொலைபேசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாளுக்குப் பதிலாக விற்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கட்டைவிரலுக்குச் சரி, சுண்டுவிரலில் நிற்பதில்லை.

இனி கெட்டி ஜெல் ரிமூவர். கரைப்பானோடு செல்லுலோஸ் வழிப் பொருள் ஒன்றைச் சேர்த்துக் குழைவாக்கியிருப்பார்கள். தூரிகையால் நகத்தின் மேல் தடிமனாக வைத்தால் வழியாமல் நிற்கிறது. சில நிமிடங்களில் நிறம் ஜெல்லுக்குள் கசிவது கண்ணுக்கே தெரிகிறது. துகள்கள் இடம்விட்டு மிதக்கின்றன. அப்போது நகத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே வழியாகத் துடைக்க வேண்டும். அப்படியும் இப்படியும் தேய்த்தால் விரல் முழுக்க ஜிகினா பூசிக்கொள்ளும், அதை எடுக்க வேறு தனி வேலை. எங்கள் இரண்டு மடிப்புக்கு ஒரு முறை போதவில்லை, மறுபடியும் வைக்க வேண்டியிருந்தது. ஆகவே வேகத்தில் இது தாள் முறையை வெல்லவில்லை. வென்றது வேறு விதத்தில். மேசையில் சொட்டவில்லை, சுற்றியிருக்கும் தோல் வெளுக்கவில்லை, வலது கைக்கும் இடது கைக்கும் ஒருவரே போட்டுக்கொள்ளலாம்.

"சின்னம்மா, நான் வாடகை அறையில் தனியாக இருக்கிறேன், எனக்கு இதுதான்" என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் வாங்குவேன். எப்போதாவது கல்யாணம், திருவிழா என்று பூசிக்கொள்பவர்கள், வீட்டில் உதவிக்கு இன்னொரு கை இருப்பவர்கள், தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். ரொம்பவும் பிடிவாதமான ஜிகினாவுக்கு ஜெல்லை வைத்து அதன் மேலேயே தாளைச் சுற்றினால் ஒரே முறையில் போய்விடுகிறது. இருப்பவற்றில் மிகச் சுத்தமான நகம் அந்த விரலில்தான் கிடைத்தது.

"மேஜிக்" ரிமூவரைச் சாதாரண ஜிகினாவின் மேல் வைத்துப் பார்த்தோம். விளம்பரத்தில் பார்ப்பதுபோல் எதுவும் பொரியவில்லை, உரியவில்லை. பூச்சு சேறாகக் குழைந்து, நகக்கண்ணின் இடுக்குக்குள் ஜிகினாவையும் இழுத்துக்கொண்டு போனது. இது அந்தப் பொருளின் குற்றம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது செய்யப்பட்டதே வேறொன்றுக்கு. கட்டைவிரல் ஜெல்லில் வேலை செய்தது. மேற்பூச்சின் பளபளப்பை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு வைத்ததும், சில நிமிடங்களில் ஜெல் சுருங்கி எழும்பியது. மரக்குச்சியால் தள்ளினால் தகடாக வந்தது. அரம் போடாத மற்றக் கட்டைவிரலில் வெறுமனே உட்கார்ந்திருந்தது. தோலில் பட்ட இடம் உடனே எரிந்தது, கழுவிய பிறகும் சற்று நேரம் சிவந்திருந்தது. அசிட்டோனும் தாளும் ஜெல்லுக்கும் ஒத்துவரும், ஆனால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும்.

ஆக, விளக்கு ஜெல் போடுபவர்களுக்கு மட்டுமே அந்த வகை. அவர்களுக்கும் ஒரு நிபந்தனையோடு. நான் இணையத்தில் வாங்கிய குப்பியில் என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லை. மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.-விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். "என்.ஓ.டி." என்று தொடங்கி, நடுவில் இலக்கங்கள் வந்து, "கே" என்ற எழுத்தில் முடியும் எண் அதற்கு உண்டு. என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடினால் அந்த எண் உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். பெயிண்ட் உரிக்கும் மருந்துகளில் இருந்த மெத்திலின் குளோரைடை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989-இலேயே அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. பட்டியல் இல்லாத குப்பிக்குள் இருப்பது எது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகளிலோ பினாங்கின் கொம்தார் கோபுரத்தைச் சுற்றியுள்ள பேரங்காடிகளிலோ அட்டையைக் கையில் எடுத்துப் படித்து வாங்குவது நல்லது. இரும்புக்கடையில் பெயிண்ட் வேலைக்கு விற்கும் அசிட்டோன் மலிவுதான். அது விரலுக்காகச் செய்ததல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாக. விரலை நுழைத்துத் திருகும் பஞ்சுறை டப்பா ஒரே நிறப் பூச்சுக்கு அருமையானது. ஜிகினாவில் இரண்டாம் விரலுக்குள்ளேயே உறை முழுக்கத் துகள் ஏறி, மூன்றாம் விரலைச் சுரண்ட ஆரம்பித்துவிடுகிறது. பற்பசை, எலுமிச்சை, வினிகர் என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்கள் ஒருமுறை தங்கள் கையில் செய்துகாட்டினால் நன்றாக இருக்கும். கைத்தூய்மைத் திரவமும் வாசனைத் திரவமும் படலத்தைச் சிறிது பிசுபிசுப்பாக்கும், அத்துடன் சரி. எல்லாவற்றிலும் மோசமானது நகத்தால் நகத்தைச் சுரண்டுவது. ஜிகினாத் தகடு எழும்பும்போது நகத்தின் மேல் அடுக்கையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் வரும். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. அடியில் பட்ட காயம் வளர்ந்து வெளியே போக ஆறு மாதம் ஆகும்.

எந்த முறையானாலும் தீயை மறக்கக் கூடாது. அசிட்டோன் சுமார் -20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது. அந்த ஆவி காற்றைவிட இரு மடங்கு கனமானது; மேலே போகாமல் தரையோடு தவழும். நம் வீடுகளில் குத்துவிளக்கு எங்கே இருக்கிறது? தரையில். ஆகவே விளக்கேற்றிய வேளையிலோ, சாம்பிராணி போட்ட கையோடோ, அடுப்படியிலோ இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கொதிநீர்க் கிண்ணத்தில் அசிட்டோனைச் சூடாக்கினால் வேகமாக வேலை செய்யும் என்று சொல்லும் காணொளிகள் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அந்தச் சூடு தேவையே இல்லை. ஊற்றி வைக்க எவர்சில்வர் கிண்ணம் அல்லது கண்ணாடி. வெள்ளைப் பாலிஸ்டைரீன் கோப்பை என்றால் அடிப்பாகம் கரைந்து மேசைக்கு இறங்கிவிடும், மேசையின் வார்னிஷும் அத்துடன் போகும். அக்ரிலிக் வளையலைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். நனைந்த பஞ்சைக் குப்பைத் தொட்டியில் மூடிவைக்காமல் ஜன்னல் ஓரத்தில் காயவிட்டுப் பிறகு போடலாம். ஜிகினாவைத் தொட்டியில் கழுவி விடாமல் பஞ்சோடு குப்பையில் போடுவதே முறை, அது பிளாஸ்டிக். உதிரி ஜிகினா விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கும் அதுவே காரணம். முடிந்ததும் கைகழுவி, நகத்துக்கும் சுற்றுத்தோலுக்கும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அசிட்டோன் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடுவதால்தான் அந்த வெண்மை வருகிறது. எண்ணெய் பட்டதும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சலூனுக்குப் போவதும் ஒரு வழி. சாதாரண ஜிகினாவுக்கு அது வீண் செலவு. ஜெல் தடிமனாக இருந்து, நகம் ஏற்கனவே மெலிந்து வலிக்கிறது என்றால் மட்டும் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடலாம்.

ரிமூவரே வேண்டாம் என்ற வழியும் உண்டு, ஆனால் அதைப் பூசுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். உரித்தெடுக்கும் அடிப்பூச்சு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஜிகினாவைப் பூசினால், வேண்டாதபோது ஓரத்தை நெம்பி முழுத்தகடாகக் கழற்றிவிடலாம். தொழுகைக்கு முன் கைகால் சுத்தம் செய்யும்போது நகத்தில் தண்ணீர் படவேண்டும் என்பதால் மலாய்ப் பெண்களிடமும் உரித்தெடுக்கும் பூச்சுகளுக்கு இங்கே வரவேற்பு உண்டு. ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளைகளின் கைவினைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்தும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். இதன் பலவீனம் தண்ணீர்தான். பாத்திரம் கழுவும் கையில் இரண்டாம் நாளே ஓரம் எழும்புகிறது; என் கையில் அதுகூட நிற்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கைவைப்பவர்களுக்கு இது சரிவராது. சனிக்கிழமை நடன நிகழ்ச்சி, திங்கட்கிழமை பள்ளி என்று இருக்கும் பிள்ளைகளுக்கு நான் வேறு எதையும் கையில் கொடுக்க மாட்டேன். அடிப்பூச்சு வெள்ளையாக இருக்கும்போதே ஜிகினாவைப் பூசிவிடாமல், அது நிறமற்றுத் தெளியும்வரை காயவிட வேண்டும். அவசரப்பட்டால் மேலே போடும் பூச்சில் கொப்புளம் விழும்.